சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது
(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், சொந்தமாக வேன் ஓட்டிவரும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு வராது. வண்டியைப் பற்றி என்றால் பேசுவேன். நம்ம கூட்டமைப்பில் இப்போது மூன்று குழுக்கள் கடன் எடுத்துப் பழைய வேன் வாங்கியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு குழு வாங்கப் போவதாகச் சொல்றாங்க. எல்லாரும் தேடுவது மாருதி ஆம்னியைத்தான். அந்த வண்டி 2019-லேயே தயாரிப்பு நின்று போச்சு. அதனால நம்ம கைக்கு வருவது எல்லாமே வயசான வண்டிதான். வயசான எந்த வண்டிக்கும் வருகிற ஒரு நோயைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போறேன். திங்கட்கிழமை ஒரே சாவியில் கிளம்பும். செவ்வாய்க்கிழமை அசையாது. புதன்கிழமை மறுபடியும் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பும்.

ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டியைச் சரிபண்ணுவது சுலபம். இந்த மாதிரி வண்டிதான் ஆளைக் கொல்லும். மெக்கானிக்கைக் கூட்டிவந்து நிறுத்தினால், ஆஸ்பத்திரி வாசலில் பல்வலி நிற்கிற மாதிரி, சமர்த்தாகக் கிளம்பிவிடும். அவரும் பாவம், என்ன செய்வார்? "பேட்டரியை மாத்திப் பார்க்கலாம்" என்பார். அந்த "பார்க்கலாம்" நம்ம குழுப் பணத்தில் நடக்குது.

எனக்குத் தெரிந்த ஒரு குழு, மல்லிகைப் பூவை மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேன் வாங்கினார்கள. விடியுமுன்னே பறித்த மொட்டு விரிவதற்குள் போய்ச் சேரவேண்டும். மொட்டு விரிந்தால் விலை போச்சு. அந்த வேன் வாரத்தில் இரண்டு நாள் காலை நாலரை மணிக்குக் கிளம்பாது. முதலில் பேட்டரி மாற்றினார்கள், நாலாயிரத்துக்கு மேலே செலவு. பத்து நாள் நல்லா ஓடிச்சு, பிறகு பழைய கதை. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வேலை பார்த்தார்கள். அதுவும் கொஞ்ச நாள்தான். கடைசியில் பார்த்தால், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயர். மேலே பார்க்க நல்லா இருக்கு, போல்ட்டைக் கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. சில நூறு ரூபாய் வேலை. அதற்குள் இரண்டு தவணை நின்று போய், குழுவுக்குள்ளேயே மனஸ்தாபம் வந்துவிட்டது.

அந்தத் துரு ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை காட்டியது? ஹெட்லைட் இரண்டும் எரிய சுமார் 10 ஆம்பியர் கரண்ட் போதும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேலே இழுக்கும். துருப்பிடித்த இடம் மண் அடைத்த குழாய் மாதிரி. ஒரு குடம் தண்ணீர் பிடிக்கலாம், வயலுக்குப் பாய்ச்ச முடியாது. அதிலும் விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்து ஆயில் கெட்டியாக இருக்கும், இன்னும் அதிகமாக இழுக்கும். வண்டி குலுங்கினால் அந்த ஒட்டு கொஞ்சம் நகர்ந்து சரியாகும், திரும்ப விலகும். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது அந்தப் பக்கத்து வயரெல்லாம் அசையும் இல்லையா? அதில் பத்து நாள் சரியாகிவிடும். நாமும் புது பேட்டரியால் சரியாச்சு என்று நினைத்துக்கொள்வோம்.

அதனால், கிளம்பாத அந்த நிமிஷம்தான் நமக்கு முக்கியம். அந்த நேரத்தில் பதறிப்போய்ச் சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்காதீங்க. முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்க. செல்ஃப் எஞ்சினைச் சுற்றுகிறதா, இல்லையா? பாதி நோய் இந்த ஒரு கேள்வியில் பிரிந்துவிடும்.

சுற்றவே இல்லையென்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்க. ஒருத்தர் முன்னால் நின்று வெளிச்சத்தைப் பார்க்கவேண்டும். வெளிச்சம் செத்துப் போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் ஒட்டவில்லை. "டக் டக் டக்" என்று வேகமாக அடிப்பதும் இதே வகைதான். வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு "டக்" கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படணும். அப்போது ஒருத்தர் சாவியைத் திருப்ப, ஸ்பேனர் பிடியால் செல்ஃப் மோட்டாரை மெல்லத் தட்டினால் சில நேரம் கிளம்பும். கிளம்பினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லை, வெளிச்சமும் குறையவில்லை என்றால் சாவி சுவிட்ச், செல்ஃபுக்குப் போகும் சின்ன வயர், ரிலே இவற்றைப் பார்க்கச் சொல்லுங்க. முன்னே சொன்ன எர்த் வயரும் இப்படி வேஷம் போடும். அதை மீட்டர் வைத்துத்தான் பிடிக்கமுடியும்.

கியர் வண்டியைத் தள்ளிவிட்டு கிளம்புகிறதா பார்ப்பதும் ஒரு சோதனைதான். தள்ளினால் உடனே பிடிக்கிறதா? அப்போ பெட்ரோலும் பிளக்கும் நல்லா இருக்கு, கோளாறு செல்ஃப், பேட்டரி, வயர் இவற்றுக்குள்தான். இதைச் சொன்னாலே மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம்.

செல்ஃப் நல்லா சுற்றுது, எஞ்சின் மட்டும் பிடிக்கலை என்றால் கதை வேறு. பேட்டரியைத் திட்டுவதில் பிரயோஜனமில்லை. பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி வரவில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் பண்ணியதும் பின்னால் டாங்க் பக்கம் இரண்டு வினாடி "ம்ம்ம்" என்று பம்ப் சத்தம் வரும். அது வராத நாளில் பம்ப், ரிலே, ஃபியூஸ் பார்க்கவேண்டும். இங்கே ஒன்று சொல்லணும். நம்ம ஆட்கள் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு எப்போதும் ரிசர்வில் ஓட்டுறாங்க. பம்ப் பெட்ரோலில் மூழ்கி இருந்தால்தான் சூடு தணியும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் பம்புக்குச் செலவழிப்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

எப்போது கிளம்பவில்லை என்பதும் பெரிய தடயம். மழை நாளில் மட்டும் என்றால் பிளக் வயரில் ஈரம் கசியுது. ஓட்டிவந்து நிறுத்தி, இருபது நிமிஷத்தில் எடுத்தால் சுற்றியும் பிடிக்காமல், ஆறியபிறகு கிளம்பினால் சூட்டில் காயில் அல்லது எஞ்சின் சென்சார் மக்கர் பண்ணலாம். மூன்று நாள் சும்மா நின்றால் மட்டும் என்றால், எங்கேயோ கரண்ட் கசியுது. பழைய வண்டியில் பின்னாளில் மாட்டின பாட்டுப் பெட்டியை முதலில் கழற்றிப் பாருங்க.

சில நூறு ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். ஐந்து குழுவுக்குச் சேர்த்து ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கணும். 13 கூட வரவில்லையென்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை, எத்தனை பேட்டரி மாற்றினாலும் வீண். எர்த் பார்க்க, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருத்தரைச் சாவி திருப்பச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேலே காட்டினால் அந்த வயர்தான் கள்ளன்.

டெர்மினலில் பூக்கிற வெள்ளை, பச்சைப் பொடியைச் சோடா உப்பு கலந்த வெந்நீரில் கழுவலாம். பேட்டரி மூடிக்குள் அந்தத் தண்ணீர் போகக்கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காய்ந்ததும் வாசலின் தடவுங்க. பேட்டரி பக்கத்தில் தீக்குச்சி வேண்டவே வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும். கியர் நியூட்ரலில் இருக்கணும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கணும்.

இதையெல்லாம் நினைவில் வைக்கமுடியாது. தீர்மானப் புத்தகம் எழுதுகிற நமக்கு ஒரு நோட்டு கஷ்டமா? தேதி, நேரம், மழையா வெயிலா, வண்டி எவ்வளவு நேரம் நின்றது, என்ன சத்தம், பிறகு எப்படிக் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் இரண்டு வரி. கையில் போன் இருந்தால் அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. ஒர்க்‌ஷாப்பில் போய் "பேட்டரி மாத்துங்க" என்று சொல்லாமல், நோட்டைக் காட்டி, சத்தத்தைப் போட்டுக் காட்டுங்க. எதையாவது மாற்றினால் பழைய சாமானைக் கேட்டு வாங்கி, பில்லோடு குழுவில் வையுங்க. பொம்பளைக்கு என்ன தெரியும் என்று பேசுகிறவர்கூட நோட்டைப் பார்த்தால் பேச்சை மாற்றுவார், நானே பார்த்திருக்கிறேன்.

வெளியே இரண்டு வேன் நிற்குது. மீட்டர் கொண்டுவந்திருக்கேன். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும், சீட்டைத் தூக்கித்தான் காட்டணும். டீ குடித்துவிட்டு, முந்தானையை நல்லா இடுப்பில் செருகிக்கொண்டு வாங்க.