வாசிச்சது போதும், என்னன்னு சொல்லு!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று ஒவ்வொரு மாதமும் பேசுகிறோம். இன்றைக்கு எங்கள் குழு பேச வந்திருப்பது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் இங்கிலீஷ் பாடத்தைப் பற்றி. "நமக்கே ஏ பி சி டி தெரியாது, நாம என்னத்த இங்கிலீஷ் பேசறது" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார். கொஞ்சம் பொறுங்க அக்கா. தெரியாதவங்க என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மாதம். மழை இறங்கிவிட்டால் நம்ம உப்பளத்தில் என்ன வேலை இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? பாத்தியெல்லாம் தண்ணி. தை பிறக்கும்வரை கூலி கிடையாது. அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் கடன் நிறுவனத்துக்காரர் வந்தார். ஆளுக்கு 30,000 ரூபாய் என்றார். கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் முழுக்க இங்கிலீஷ்.

நாங்கள் ஏமாறக் கூடாது என்று உஷாராகத்தான் இருந்தோம். பத்தாவதில் இங்கிலீஷில் 82 மார்க் வாங்கிய ஒரு உறுப்பினரின் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். மழை கொட்டுகிற மாதிரி வாசித்தாள். ஒரு இடத்தில் திக்கவில்லை, திணறவில்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கை தட்டினோம். கையெழுத்தும் போட்டோம்.

கைக்கு வந்தது 28,400 ரூபாய். மீதி 1,600 ரூபாயைக் காப்பீட்டுக்கும் கட்டணத்துக்கும் பிடித்துக்கொண்டார்கள். போய்க் கேட்டால், "காகிதத்திலேயே இருக்கே, உங்க வீட்டுப் பொண்ணுதானே படிச்சுது" என்றார்கள். அது உண்மைதான். இருந்தது. அந்த வரியையும் அவள் வாசித்திருந்தாள். அன்று ராத்திரி அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "படிச்சேன் அத்தை. ஆனா என்ன சொல்லுதுன்னு பாக்கல. பாடத்துலகூட அப்படிப் பாத்ததில்ல. கேள்வி வந்தா கைடுல இருக்கிற பதில எழுதிடுவேன்."

இதை நாங்கள் பிள்ளை மேல் குற்றமாகச் சொல்லவில்லை. கை தட்டினது நாங்கள். "என்னம்மா எழுதியிருக்கு?" என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. (இடையில் ஒரு செய்தி. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படிப்பட்ட சிறுகடனுக்கான ஒப்பந்தம் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கொடு என்று தைரியமாகக் கேளுங்கள்.)

வாய் வாசிப்பது வேறு, மனசு வாசிப்பது வேறு. 'அசர்' என்று ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். 2022இல் எடுத்த கணக்குப்படி, நாடு முழுக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 46.7 சதவீதம் பேர்தான் எளிய இங்கிலீஷ் வாக்கியத்தை வாசித்தார்கள். பாதிகூட இல்லை. அவர்கள் சோதிக்கும் முறைதான் எங்களுக்குப் பிடித்தது. பிள்ளை வாக்கியத்தை வாசித்த பிறகு, இதற்கு என்ன அர்த்தம் என்று அதன் சொந்த மொழியில் சொல்லச் சொல்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு இங்கிலீஷ் எதற்கு?

அன்றிலிருந்து எங்கள் தெருவில் இதைத்தான் செய்கிறோம். சாயங்காலம் பிள்ளை ஒரு பத்தி வாசிக்க வேண்டும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். யாரு? எங்க? என்ன ஆச்சு? ஏன்? அம்மாவுக்குப் புரியவில்லை என்றால் பிள்ளைக்கும் புரியவில்லை என்று கணக்கு.

2019இல் வந்த பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தில் முதல் பாடமே ஒரு கடற்காகக் குஞ்சின் கதை. லியாம் ஓ ஃப்ளாஹர்டி என்று அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் எழுதியது. எங்கள் குழு அக்கா ஒருத்தர் மகன் அந்தப் பாடத்தின் கேள்வி பதிலையெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பான். அவனை அந்த அக்கா கதையாகச் சொல்லச் சொன்னார். "குஞ்சு பறக்கல. அம்மா சோறு போடல" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டான். அக்கா விடவில்லை. "பெத்தவ பட்டினி போடுவாளாடா? ஏன் போடல?" அவனுக்குத் தெரியவில்லை. மறுபடி புத்தகத்தைத் திறந்து தேடினான். கூடப்பிறந்த மூன்றும் பறந்துவிட்டன, இது மட்டும் பயந்துகொண்டு பாறை விளிம்பில் நிற்கிறது, தாய் மீனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து கொடுக்காமல் அந்தரத்தில் நிற்கிறது, பசி தாங்காமல் குஞ்சு மீனைப் பார்த்துப் பாய்கிறது, விழுகிறது, இறக்கை விரிகிறது. அக்கா சொன்னார், "அப்ப அது பட்டினி போடலடா, பழக்குது." அந்த வரி புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்காது. தினம் கடல் காக்காவைப் பார்க்கிறவங்களுக்குக் கதையைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பையன் அந்தப் பாடத்துக்கு அப்புறம் கைடைத் தொடவில்லை.

அதே புத்தகத்தில் நம்மைப் போன்ற பெண்களுக்குப் பிடித்த பாடம் ஒன்று இருக்கிறது. கடற்படை அதிகாரிகளான ஆறு பெண்கள், வர்த்திகா ஜோஷி தலைமையில், 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்தார்கள். 2017 செப்டம்பர் 10ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு 2018 மே 21ஆம் தேதி திரும்பினார்கள். 254 நாள்! பாடத்தின் தலைப்பில் 'எம்பவர்டு விமன்' என்று வருகிறது. ஒரு பெண் பிள்ளை அதற்கு 'கரண்ட் உள்ள பெண்கள்' என்று அர்த்தம் சொன்னாள். பவர் என்றால் கரண்ட் தானே? எல்லோரும் சிரித்தோம். அவள் அம்மா சொன்னார், "ட்ரெயினிங்ல வருஷக்கணக்கா சொல்றாங்களே, மகளிருக்கு அதிகாரம்னு, அதுடி."

இதிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டோம். தெரிந்த சொல்தான் பிள்ளையைக் கவிழ்க்கிறது. கடையில் வாங்குகிற உப்புப் பாக்கெட்டைப் பாருங்கள். (நாம் வாரின உப்பு மூட்டை மூட்டையாகப் போகிறது, நாம் பாக்கெட் உப்பு வாங்குகிறோம். அதைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.) 'ஸ்டோர் இன் எ கூல் அண்ட் டிரை பிளேஸ்' என்று போட்டிருப்பான். ஸ்டோர் என்றால் ரேஷன் ஸ்டோர், கடை என்றுதான் பிள்ளைகள் சொல்லும். அங்கே அது 'பத்திரமாக வை' என்ற அர்த்தத்தில் நிற்கிறது. பக்கத்துச் சொற்களைப் பார்த்தால்தான் தெரியும். ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வை.

இன்னொன்று, பொடிச்சொற்கள். நாட், பட், பிகாஸ், அன்லெஸ். பார்க்கச் சின்னதாக இருக்கும், அர்த்தத்தையே புரட்டிப் போட்டுவிடும். 'வீ வில் ஒர்க் டுமாரோ அன்லெஸ் இட் ரெயின்ஸ்' என்று எழுதிக் கொடுத்தோம். வேலை, நாளை, மழை மூன்றும் பிள்ளைகளுக்குத் தெரியும். 'நாளைக்கு மழை பெஞ்சா வேலை' என்று நாலு பேர் சொன்னார்கள். மழை பெய்தால் நம்ம ஊரில் வேலையா? அப்படி யோசித்திருந்தாலே தப்பு தெரிந்திருக்கும். மழை வராவிட்டால் வேலை என்று அர்த்தம். 'அன்லெஸ்' என்ற ஒரு சொல்லில் கூலியே போய்விடுகிறது பாருங்கள்.

நாம் 'உப்பு வாருகிறோம்' என்று செயலைக் கடைசியில் சொல்கிறோம். இங்கிலீஷில் 'நாங்கள் வாருகிறோம் உப்பு' என்று செயல் நடுவில் வரும். அதனால் செயலை முதலில் கண்டுபிடி, யார் செய்தது, எதைச் செய்தது என்று பிறகு பார் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடக் கூடாது, பத்தி முடியும்வரை போக வேண்டும். பரீட்சையில் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால், கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போவது நல்லது. ஆள் இன்னார் என்று தெரிந்து தேடுகிற மாதிரி. தேர்ச்சிக்கு 35 மார்க் வேண்டும். மனப்பாடம் மறந்துபோகிற பிள்ளையைக் கரை சேர்ப்பதே இந்தப் பகுதிதான்.

இந்த வழி புதுசு ஒன்றும் இல்லை. புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது, பெரியவர்களுக்கு அ, ஆ என்று தொடங்கவில்லை. 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கினார்கள். நிலத்தில் பாடுபடுகிறவங்களுக்கு அந்தச் சொல் வலிக்கும், அதனால் மனசில் நிற்கும். நமக்கும் லோன், இன்ட்ரஸ்ட், ரிசீப்ட், மோட்டார், டீசல், சைக்ளோன் எல்லாம் தெரியும். எங்கள் குழுவில் ஒருநாள் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி எழுதினோம், 140 இங்கிலீஷ் சொல் வந்தது. நமக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொன்னது?

2021 அக்டோபர் 27ஆம் தேதி 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நம்ம மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைத்தார். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்து பிள்ளைகள் மறந்துபோனதைச் சரிசெய்ய, சாயங்கால வகுப்பு. நம்ம பெண்கள்தான் தன்னார்வலராக நின்றார்கள். ஆனால் அது ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் என்று தொடங்கின திட்டம். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் அதில் வரவில்லை. பத்தாவதில் தோற்ற பெண் பிள்ளை அடுத்த தையில் எங்கே நிற்பாள் என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை. நம் பக்கத்தில்தான் பாத்தியில் நிற்பாள்.

கடன் காகிதம் வாசித்த அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் எங்கள் காகிதத்தையெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். இப்போது மெதுவாக வாசிக்கிறாள். வரிக்கு வரி நிறுத்தி, "அத்தை, இதுல இப்படிச் சொல்றான், சரியா?" என்று கேட்கிறாள். கை தட்டல் எல்லாம் இல்லை.

எங்கள் குழு வைக்கும் கோரிக்கை இது. வருகிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வேலை இல்லாத காலம். அப்போது ஒவ்வொரு குழுவும் கூட்டம் நடக்கும் இடத்தில் வாரம் மூன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் விளக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். படித்த பிள்ளை ஒருத்தி, கேள்வி கேட்க இரண்டு அம்மாக்கள் போதும். சம்மதம் என்றால் இன்றே தீர்மான நோட்டில் எழுதிவிடலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பத்தாவது படிக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலி உப்புப் பாக்கெட் ஒன்றும் கொண்டு வாருங்கள்.