சத்தம் பழகும், உடம்பு பழகாது
(சேத்தூர் வட்டாரக் குழுக்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம சேத்தூருக்குள்ளே தண்டவாளம் கிடையாது. ஊருக்குக் கிழக்கே, இராஜபாளையத்திலிருந்து கரிவலம்வந்தநல்லூர் வழியாகச் சங்கரன்கோவிலுக்குப் போகுது. விருதுநகர் – தென்காசிப் பாதை 1927-இல் திறந்தது. 2018-இல் செங்கோட்டை – புனலூர் அகலப் பாதையும் திறந்தபின் கேரளாவுக்கும் இந்த வழியாக வண்டி ஓடுது.

பாதையோரம் குடியிருக்கிற நம் உறுப்பினர்களைக் கேட்டால், "அதெல்லாம் பழகிப் போச்சுக்கா" என்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

காது பழகும். உடம்பு பழகாது. நாம் முழிக்காமல் தூங்கினாலும், வண்டி போகும்போது இதயம் வேகமாக அடிக்கிறது, தூக்கம் மேலோட்டமாகிறது. ரயில் சத்தம் இரவில் சராசரியாக 44 டெசிபலுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பிய நாடுகளுக்குச் சொன்னது. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல்! நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்றுதான் வைத்திருக்கின்றன. மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற பெண்ணுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை.

அப்படியானால் ஹாரனே வேண்டாம் என்று கேட்கலாமா? கூடாது. கேட்டுக்கு முன்னால் 'டபிள்யூ/எல்' என்று எழுதிய மஞ்சள் பலகை இருக்கும். அங்கிருந்து கேட்டைத் தாண்டும்வரை டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சத்தம் நம் உயிருக்குக் காவல்.

பழகிப்போன காதுதான் ஆபத்து. ஆடு ஓட்டிக்கொண்டு, விறகு சுமந்துகொண்டு தண்டவாளத்தைத் தாண்டும்போது ஹாரன் காதில் விழுந்தும் மனதில் விழாது. மின்சார எஞ்சினோ டீசல் எஞ்சினைவிடச் சத்தம் குறைவு. கிட்டே வந்த பிறகுதான் தெரியும். செல்போன் பேசிக்கொண்டு யாரும் தாண்ட வேண்டாம். கேட் இல்லாத இடத்தில் தாண்டுவது சட்டப்படியும் குற்றம்.

என்ன செய்யலாம்?

கைக்குழந்தையையும் படிக்கிற பிள்ளையையும் தண்டவாளத்துக்கு எதிர்ப்புற அறையில் படுக்க வையுங்கள். பாதைப் பக்கத்து ஜன்னல் இடுக்கை அடையுங்கள். சத்தம் இடுக்கு வழியாகத்தான் நுழையும். வண்டி வரும் நேரத்தை எழுதி வைத்து, இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேட் இருக்கும் இடத்தில் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ வந்தால், கேட்டுக்காக ஹாரன் அடிக்கும் தேவையே குறையும். ஒருத்தி கேட்டால் மனு, முப்பது குழு கேட்டால் கோரிக்கை. எந்த கேட், எத்தனை வீடு, இரவில் எத்தனை வண்டி என்று எண்ணி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டமைப்பு வழியாக மதுரை ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புவோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் அந்தக் கணக்கோடு வரணும்.