கலர் பாட்டிலும் களப்பணியும்



எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படிக்கிற பிள்ளைகளுக்கு வாரத்தில் சில நாள் வகுப்பறை கிடையாது; களப்பணிதான். முதல் வீட்டுக்குள் நுழையும்போதே சிக்கல் தொடங்கிவிடும். பார்க்கப் போனவரிடம் தனியாகப் பேச வேண்டும், அவர் சொல்வது மூன்றாம் பேர் காதில் விழக்கூடாது, அந்த வீட்டில் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. இது பாடம். நடப்பது வேறு. பாயை விரித்து உட்காரச் சொல்வார்கள். மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமியார் பதில் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியில் நின்றபடி அதைத் திருத்துவார். அதற்குள் ஒரு பையன் தெருமுனைக் கடைக்கு ஓடி, கலர் வாங்கிவந்துவிடுவான். "வேண்டாம்மா" என்றால், "ஏன், எங்க வீட்டுல குடிக்க மாட்டீங்களா?" என்பார்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

பாடத்தைக் குறை சொல்ல முடியாது. அது எழுதப்பட்ட ஊருக்கு அது சரி. மேரி ரிச்மண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1917-இல் வெளியிட்ட தடித்த புத்தகம்தான், ஒருவருடைய கஷ்டத்தை எப்படி விசாரித்து அறிவது என்பதை ஒரு முறையாக வகுத்தது. அந்த அமெரிக்காவிலிருந்துதான் படிப்பு நமக்கும் வந்தது. சிகாகோவில் படித்த கிளிஃபோர்ட் மேன்ஷார்ட் என்ற பாதிரியார், பம்பாயில் நெருக்கடியான நாக்பாடா பகுதியில் ஒரு சமூக நிலையம் நடத்தினார். 1936-இல் டாடா அறக்கட்டளையின் உதவியோடு இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநர் அவரே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் இன்னொரு கல்லூரியைத் தொடங்கினார்.

படிப்பு வந்து சேர்ந்தது. ஆனால் இந்த ஊர் அதை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அந்த நாற்காலிக்கு யார் பொருத்தம்? சமூகப்பணி படித்தவர்கள்தான். இன்று அம்பத்தூரிலும் ஓசூரிலும் எச்.ஆர். துறையில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரிகளைப் பார்க்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. இங்கிலாந்திலோ இந்தப் படிப்பு என்றாலே குழந்தைகள் பாதுகாப்பு, நீதிமன்றம், உள்ளாட்சி அலுவலகம். பதிவு செய்யாமல் 'சமூகப்பணியாளர்' என்று பெயரோடு போட்டுக்கொண்டு ஏமாற்றினால் அங்கே குற்றம். நம் ஊர் பிறந்தநாள் போஸ்டர்களில் தெருவுக்கு நான்கு 'சமூக சேவகர்'கள் சிரிக்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

வந்து சேர்ந்த படிப்பை ஒரு ஊர் திருத்திய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது நியூசிலாந்தில் இருக்கிறது. அங்கே பூர்வகுடிகளான மாவோரிகளின் பிள்ளைகளை, "வீடு சரியில்லை" என்று சொல்லி அரசு விடுதிகளிலும் முன்பின் தெரியாத குடும்பங்களிலும் கொண்டுபோய் விட்டார்கள். செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், நன்றாகப் படித்தவர்கள். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளை என்று படித்திருந்தார்கள். மாவோரிக்குக் குடும்பம் என்பது 'ஃபானோ'. தாத்தா பாட்டி, சித்தி, மாமன், ஒன்றுவிட்ட உறவு எல்லாம் அதில் அடக்கம். பெற்றோர் தடுமாறினால் பிள்ளையை ஏந்திக்கொள்ள இருபது கை இருக்கும். அந்தக் கைகள் அதிகாரியின் படிவத்தில் இல்லை.

1980-களில் ஜான் ரங்கிஹாவ் என்ற மாவோரிப் பெரியவர் தலைமையில் ஒரு குழு, மாவோரிகளின் ஊர் மன்றங்களுக்கே போய் மக்கள் சொன்னதைக் கேட்டது. அறிக்கைக்கு 'விடியல்' என்று பொருள்படும் மாவோரிப் பெயரை வைத்தார்கள். சமூகநலத் துறைக்குள்ளேயே இனப் பாகுபாடு இருக்கிறது என்று அது நேராகவே சொன்னது. 1989-இல் சட்டம் மாறியது. இப்போது பாதுகாப்பு தேவைப்படும் ஒரு குழந்தையைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமானால், அதன் சுற்றத்தாரைக் கூட்ட வேண்டும். அதிகாரி தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். சொல்லி முடித்ததும் எழுந்து அறையை விட்டு வெளியே போய்விடுவார். உள்ளே குடும்பம் பேசும், சண்டை போடும், அழும், ஒரு முடிவுக்கு வரும். பட்டம் பெற்றவர் வராந்தாவில் காத்திருப்பார்.

இந்த முறை பிறகு பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. நியூசிலாந்துக்கு இந்தப் படிப்பை அனுப்பிய நாடுகள், மாவோரிகளிடமிருந்து இந்த முறையைக் கற்றுக்கொண்டன. வெளிநாட்டில் சமூகப்பணி படிக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால், இந்த வராந்தாவைத்தான் சொல்கிறேன். அங்கே போய் நீங்கள் படிக்கும் புத்தகத்தில் நம் பக்கத்து வீட்டு அக்கா இருக்கமாட்டார். அவரை எங்கே உட்கார வைப்பது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்பேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த மாவோரிக் குடும்பக் கூட்டம் பெரும்பாலும் பிரார்த்தனையோடு தொடங்கும். இடையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அதிகாரியும் கூட உட்கார்ந்து சாப்பிடுவார்.