அடைக்கலம் புகுந்தோர்
(பங்கு ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



நமக்கு வேளாங்கண்ணி எப்படியோ, இலங்கைக் கத்தோலிக்கருக்கு மடு மாதா திருத்தலம் அப்படி. 1990-ல் அங்கே மீண்டும் போர் மூண்டபோது மன்னார்ப் பகுதி மக்கள் அந்தக் காட்டுக் கோவிலில்தான் தஞ்சம் புகுந்தார்கள். ஐ.நா. அகதிகள் நிறுவனமும் அங்கே நிவாரண நிலையம் திறந்தது. ஆயினும் 1999 நவம்பரில் எறிகணை விழுந்து, கோவிலில் இருந்தவர்களில் சுமார் 40 பேர் மாண்டனர். இரு தரப்பாரும் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தினர்.

எறிந்தவர் யாராயினும் சட்டம் ஒன்றே. 1949-ம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் நான்கிலும் உள்ள 3-ம் விதி உள்நாட்டுப் போருக்கும் பொருந்தும். ஆயுதம் ஏந்தாதவரையும், ஆயுதத்தைக் கீழே வைத்தவரையும் மனிதராக நடத்த வேண்டும். காயம்பட்டோரை எத்தரப்பினர் என்று பாராமல் எடுத்துச் சிகிச்சை அளிக்க வேண்டும். நல்ல சமாரியனும் அதைத்தானே செய்தான்! 2009-ல் செஞ்சிலுவைச் சங்கக் குழு முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான காயமுற்றோரையும் அவர்களின் உறவினரையும் கப்பலில் மீட்டது.

1983 முதல் கடல் கடந்து வந்தோர் தமிழக முகாம்களில் வாழ்கின்றனர். 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எனவே அரசின் ஆணைகளும் அயலாரின் மனமுமே அவர்களுக்கு அரண்.

அவர்களில் ஒருவர் நம் பனியன் கம்பெனி வாசலில் வேலை கேட்டு நின்றால், நாம் என்ன செய்வோம்? "அகதிதானே" என்று பீஸ் ரேட்டைக் குறைப்போமா? பக்கத்து மெஷினில் தைப்பவருக்கு உள்ள அதே கூலியைச் சனிக்கிழமை அவர் கையிலும் கொடுப்போம். நம் ஜூபிலிக்கு அதுவே அழகு.