சிறு தோட்டாவும் பெரும் பயிற்சியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் இலக்கியமும் முழங்கும் இம்மேடையில் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் என் பேச்சின் உட்பொருள் உங்களுக்குப் புதியதன்று. எந்தக் கலையும் பழகினாலன்றிக் கைவராது; பழகுவதற்கோ பொருள் வேண்டும். பொருள் குறைந்தவன் எவ்வாறு பழகுவது? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் மாதச் சம்பளத்தையோ அன்றாடக் கூலியையோ நம்பிக் குடும்பம் நடத்தும் நம்மவர் ஒவ்வொருவரும் பிள்ளைகளின் பொருட்டு இவ்வினாவை எதிர்கொண்டவர்களே. துப்பாக்கி சுடும் கலையில் இவ்வினாவுக்கு ஓர் அழகிய விடை கண்டிருக்கிறார்கள். அதனையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

'திரீ நாட் திரீ' என்னும் பெயரை நம் நாட்டில் அறியாதார் இலர். இரு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கையில் இருந்தது அந்த .303 லீ என்பீல்டு ரைபிளே. அதன் குண்டு ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ளது. விநாடிக்கு 740 மீட்டர் வேகத்தில் பாய்வது. சுடும்போது தோளில் ஓங்கி அறையும், காதைச் செவிடாக்கும். அதைச் சுட்டுப் பழக நீண்ட மைதானமும், பின்னால் உயர்ந்த மண்மேடும் வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் செலவு உண்டு. இவற்றால் இரு தீங்குகள் விளைந்தன. ஒன்று, வீரனுக்குப் பழகக் கிடைத்த தோட்டாக்கள் மிகச் சில. மற்றொன்று, புதிதாகச் சுடுபவன் அந்த அறைக்கு அஞ்சி, விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடித் தோளைக் குலுக்கிக் கொண்டான். ஒருமுறை படிந்த அந்த அச்சம் எளிதில் நீங்குவதில்லை.

இதற்குக் கண்ட வழி, பெரிய ரைபிளின் உடலுக்குள் சிறிய தோட்டாவைப் புகுத்துவது. 1880களிலேயே மாரிஸ் குழல் என்ற ஒன்று இங்கிலாந்தில் வழக்கிற்கு வந்தது. பெரிய குழலுக்குள் ஒரு மெல்லிய குழலைச் செருகிச் சிறு தோட்டாவைச் சுடுவார்கள். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், குடியானவர்களான போயர்கள் பிரிட்டிஷ் படையினரைவிடக் குறி தவறாமல் சுட்டது கண்டு இங்கிலாந்து திடுக்கிட்டது. நாடெங்கும் எளிய மக்களுக்கான சிறு ரைபிள் கழகங்கள் தோன்றின. 1901ஆம் ஆண்டில் அவற்றுக்கென ஒரு தலைமைச் சங்கமும் அமைந்தது. பின்னர், தேய்ந்த பழைய ரைபிள்களின் குழலைக் குடைந்து, .22 அளவுள்ள புதிய உட்குழலைப் பொருத்தி, போல்ட்டின் தலையையும் மாற்றி அமைத்தார்கள். வெளித்தோற்றத்தில் அது படை ரைபிளேதான். எடை, பிடி, குறிமுள், போல்ட்டை இழுக்கும் முறை யாவும் ஏறத்தாழ முன்போலவே இருக்கும். தோட்டா மட்டும் சுண்டு விரல் நுனியளவு.

அச்சிறு தோட்டாவுக்கு 'ரிம்பயர்' என்று பெயர். பெரிய தோட்டாவின் அடிப்பகுதியில், நடுவே, தனியாக ஒரு சிறு கேப் பதித்திருக்கும்; ஊசி அதன்மேல் அடித்ததும் மருந்து பற்றிக்கொள்ளும். ரிம்பயர் தோட்டாவில் அத்தகைய தனி உறுப்பு கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்பிலேயே தீப்பற்றும் மருந்து தடவப்பட்டிருக்கும். ஊசி விளிம்பில் அடித்தால் போதும். உறுப்புகள் குறைவு, உலோகம் குறைவு, வெடிமருந்து மிகக் குறைவு. ஆதலால் விலையும் குறைவு. இன்று உலகெங்கும் வழங்கும் '.22 லாங் ரைபிள்' தோட்டா 1887இல் அமெரிக்காவில் உருவானது. அதன் ஈயக் குண்டு 2.6 கிராம் எடையுள்ளது. வேகம் விநாடிக்குச் சற்றேறக்குறைய 330 மீட்டர். அதன் தாக்கும் ஆற்றல் .303 குண்டினுடையதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. தோளில் அறை இல்லை; ஓசையும் சிறிது.

இம்முறை பழங்கதையாகிவிடவில்லை. அமெரிக்கப் படை தன் எம்-16 ரைபிளுக்கும் இத்தகைய மாற்றுக் கருவியை வைத்துக் கொண்டது. அந்த ரைபிளின் துளையும் .22 குண்டின் பருமனும் ஏறத்தாழ ஒன்றாதலால் குழலை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. உள்ளே ஓடும் போல்ட்டையும் தோட்டா வைக்கும் மேகஸினையும் கவனித்துக் கொண்டால் போதும்.

நம் நாட்டில் இதன் பயனைக் கண்டவர்கள் மாணவர்கள். 1948இல் தேசிய மாணவர் படை, அதாவது என்.சி.சி., தோன்றியது. லீ என்பீல்டிலிருந்து மாற்றி அமைத்த '.22 நம்பர் 2 மார்க் 4' அதற்கு வந்த ரைபிள்களுள் ஒன்று. சீனப் போருக்குப்பின் 1963 முதல் 1968 வரை கல்லூரி மாணவர்க்கு என்.சி.சி. கட்டாயமாக இருந்தது. ரூயா, போதார், கால்சா முதலிய மாட்டுங்காக் கல்லூரிகளில் அக்காலத்தில் பயின்ற பெரியவர்கள் இவ்வவையில் இருப்பீர்களாயின், காக்கிச் சட்டை அணிந்து தரையில் படுத்து 'பாயிண்ட் டூ டூ' சுட்டது உங்கள் நினைவுக்கு வரும். ஒரு கணக்கரின் மகனும் ஆலைத் தொழிலாளியின் மகனும் அன்று ரைபிளைத் தொட முடிந்ததென்றால், அதற்கு அச்சிறு தோட்டாவின் மலிவும் ஒரு காரணமன்றோ?

சிறு தோட்டா எல்லாவற்றையும் கற்பித்துவிடும் என்று நான் கூறவில்லை. அசையாத உடல் நிலை, மூச்சை அடக்கும் நேரம், குறிமுள்ளை நோக்கும் பார்வை, விசையைச் சிறிது சிறிதாக அழுத்தும் விரல் ஆகிய நான்கையும் அது செம்மையாகக் கற்பிக்கும். பெரிய தோட்டாவின் அறையைத் தாங்கவும், முந்நூறு நானூறு மீட்டர் தொலைவில் குண்டின் இறக்கத்தைக் கணக்கிடவும் அது கற்பிக்காது. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை ஒருநாள் தாளில் எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் மணலில் நூறுமுறை எழுதிய பிள்ளைக்குத் தாளில் கை நடுங்காது. நூறு சிறு தோட்டாக்களுக்குப்பின் பத்துப் பெரிய தோட்டாக்கள் என்பதே அறிவுடைய முறை.

பயிற்சி குன்றினால் என்னாகும் என்பதை நம் நகரம் கண்ணீரோடு அறியும். 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு, நாம் நாள்தோறும் ரயிலேறும் சத்ரபதி சிவாஜி நிலையத்தில் கொலைஞர்கள் தானியங்கித் துப்பாக்கிகளோடு புகுந்தபோது, அங்கிருந்த காவலர் சிலரிடம் இருந்தது பழைய .303, சிலரிடம் வெறும் தடி. அந்நிலையிலும் எதிர்த்து நின்றோர் உண்டு. அவர்களுக்கு நாம் தலைவணங்குவோம். பின்னர் ஆராய்ந்த ராம் பிரதான் குழு, தோட்டாப் பற்றாக்குறையால் காவலர்க்குச் சுடும் பயிற்சி முறையாக நடைபெறாததையும் சுட்டிக்காட்டியது. தோட்டாவில் மிச்சம் பிடிக்கலாம். பயிற்சியில் மிச்சம் பிடிக்கலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே சிறு தோட்டா பிறந்தது.

இனி நம் பிள்ளைகளின் செய்திக்கு வருகிறேன். துப்பாக்கி சுடுதல் அரச குடும்பத்தார்க்கும் செல்வர்க்கும் உரியதென்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர் பிகானேர் மகாராஜா கர்ணி சிங் என்பது உண்மையே. 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்திரா தம் வீட்டிலேயே சுடுகளம் அமைத்துப் பயின்றவர் என்பதும் உண்மையே. ஆயின் வேறு சிலரையும் எண்ணிப் பாருங்கள். இம்மும்பையில் மாணவர் படையிலிருந்து வந்து, மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தில் பயின்ற அஞ்சலி பாகவத் 2000இல் சிட்னி ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றை எட்டினார். 2024 ஆகஸ்டு முதல் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாளே கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்தார். அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அப்போட்டியில் சுடுவது எந்தத் தோட்டா தெரியுமா? நாம் இதுவரை பேசிய அதே .22 ரிம்பயர் தோட்டாதான்! ஏழைக்கென்று வந்த தோட்டா ஒலிம்பிக் மேடையேறிவிட்டது.

நம் இனத்தாரிலும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க இயலாது. கடலூரில் பிறந்து, இளமையிலேயே பெற்றோருடன் குஜராத்துக்குப் பெயர்ந்து, அகமதாபாத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். 2019இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் நாட்டின் சார்பில் சுட்டார். பிழைப்பு நாடிப் பிற மாநிலம் சென்ற தமிழ்க் குடும்பத்தின் பெண் இவ்வளவு செய்யக்கூடுமாயின், நம் பெண்கள் ஏன் செய்யக்கூடாது?

எனவே, பெற்றோர்களே, நான் வேண்டுவன சிலவே. பிள்ளைகள் பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி.யில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். விளையாட்டாகப் பயில விரும்பும் பிள்ளையை முதலில் ஏர் ரைபிளில் தொடங்கச் செய்யுங்கள். காற்றின் அழுத்தத்தால் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் செலுத்தும் அக்கருவிக்கு வெடிமருந்தே வேண்டா. பத்து மீட்டர் இடம் போதும். வொர்லியில் மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் சுடுகளம் இருக்கிறது; பயிற்சியாளரின் கண்காணிப்பில் அங்குப் பழகலாம். செலவே இல்லாத பயிற்சியும் ஒன்று உண்டு. தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, குழலின் நுனியில் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை அழுத்திப் பழகுவது. படையினர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ஆனால் .22 ரைபிளில் இவ்வாறு பழகும்போது சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டாக் கூடொன்றை உள்ளே இடுதல் வேண்டும். இல்லையேல் ஊசி குழலின் விளிம்பில் மோதி அதைச் சிதைத்துவிடும்.

எச்சரிக்கையும் கூறிவிடுகிறேன். குழலை மாற்றுவதும் போல்ட்டைத் திருத்துவதும் வீட்டிலோ தெருமுனைப் பட்டறையிலோ செய்யத்தக்க வேலைகள் அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிய உரிமமின்றித் துப்பாக்கியை மாற்றி அமைப்பது குற்றம். படைக்குரிய .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. மேலும், .22 சிறியதென்று எவரும் ஏளனம் செய்ய வேண்டா. தடுப்பு இல்லையேல் அக்குண்டு ஒரு மைலுக்கு மேலும் பறக்கும். நெருங்கி நிற்பவரின் உயிரையும் குடிக்கும். நெரிசல் மிகுந்த நம் குடியிருப்புகளில் சுடுகளத்துக்கு வெளியே துப்பாக்கிக்கு இடமே இல்லை.

நம் முன்னோர் பம்பாய்க்கு வந்தபோது பெரிய மூலதனம் எதையும் கொண்டு வரவில்லை. கிடைத்த சிறிதைக்கொண்டு நாள்தோறும் உழைத்துப் பள்ளிகளும் கோவில்களும் சங்கங்களும் கண்டார்கள். அத்தகையோரின் வழிவந்த பிள்ளைகளுக்குச் சிறு தோட்டாவின் பாடம் விளங்காமற் போகாது. கைக்கு எட்டிய கருவியைக்கொண்டு இன்றே தொடங்குங்கள். பெரிய கருவி வரும் நாளில் உங்கள் கை ஆயத்தமாக இருக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில், குறி தவறாது சுட்டுப் பதக்கம் பெற்ற ஓர் இளைஞனையோ நங்கையையோ இம்மேடையில் பாராட்டும் பேறு நமக்கு வாய்க்குமாக என்று வாழ்த்தி அமைகிறேன்.