கடைவீதியும் கலைக்கண்ணும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நாம் கடைவீதிக்குச் சென்றால், வாங்கும் பொருள் சில. பார்த்து நிற்கும் பொருள் பல. கமர்ஷியல் தெருவிலும் சிக்பேட்டையிலும் கண்ணாடிக்குப் பின்னே பட்டும் பொன்னும் மின்னுகின்றன. அவற்றைக் கண்டு ஏங்கித் திரும்புவோர் உண்டு. தவணையில் வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோரும் உண்டு. மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அதனையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

வாங்குவோன் கண் விலையை நாடும். படைப்போன் கண் அமைப்பை நாடும். இளங்கோவடிகள் இத்தகைய கண் படைத்தவர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். மணி விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றையும் அடிகள் நம் கண்முன் நிறுத்துகிறார். மனைவியின் சிலம்பை விற்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவன், செல்வம் குவிந்த வீதியில் நடக்கிறான். அம்மாறுபாடே நம் நெஞ்சை உருக்குகிறது. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரும் பகற்கடையாகிய நாளங்காடியையும் இரவுக் கடையாகிய அல்லங்காடியையும் தம் பாட்டில் வைத்தார்.

மேல்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஃபிராங்க் பாம் என்பார், கடைக் காட்சி அலங்காரத்திற்கென்றே 1897ஆம் ஆண்டில் ஒரு மாத இதழ் தொடங்கினார். 1900ஆம் ஆண்டில் அக்கலை பற்றிய நூல் ஒன்றும், குழந்தைகள் போற்றும் ஆஸ் நாட்டு மந்திரவாதியின் கதையும் அவர் கையிலிருந்தே வந்தன.

ஒரு நல்ல ஷோகேஸைக் கூர்ந்து நோக்குங்கள். நடுவே ஒரே சேலை, சுற்றிலும் வெற்றிடம். விளக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை; வெளிச்சம் மட்டும் சேலையின் கரையில் விழுகிறது. இருபது சேலைகளை நெருக்கி அடுக்கிய இடத்தில் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. கட்டுரை எழுதுவோர்க்கும், கோலம் இடுவோர்க்கும், நாடக மேடை அமைப்போர்க்கும் இது பாடம் அன்றோ?

மகாத்மா காந்தி சாலைக் கைவினைக் கடையில் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் காணலாம். கடைசலில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் கட்டியை அழுத்த, உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது. தாழையோலையால் தேய்க்க, அது பளபளக்கிறது. இதனை அறிந்து பார்ப்போர்க்குப் பொம்மையோடு அதைச் செய்தவன் கையும் புலனாகும்.

நம் காலனியில் ஓர் அம்மையார் சென்ற நவராத்திரிக்குப் புதுப்பொம்மை எதுவும் வாங்கவில்லை. கடைக் கண்ணாடியில் கண்ட முறையைக் கைக்கொண்டார். பழைய பொம்மைகளுள் பதினொன்றை மட்டும் எடுத்தார். காலித் தீப்பெட்டிகளால் ஒரு ரயில் நிலையம் கட்டி, பொம்மைகளைப் பயணிகளாக நிறுத்தினார். அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தார் தங்கள் தசராப் பொம்மைகள் இரண்டைக் கொணர்ந்து அந்நிலையத்தில் சேர்த்தனர். காலனிக் குழந்தைகள் ஒன்பது நாளும் அவ்வீட்டை விட்டு அகலவில்லை.

கண்டதை அப்படியே பெயர்த்து வைப்பது படைப்பு ஆகாது. கடைக்காரர் நம் பணப்பையைத் திறக்கவே கண்ணாடியை அலங்கரிக்கிறார், அதில் குற்றமில்லை. ஆயின் அங்கே நம் சிந்தையைத் திறந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. பிள்ளைகள் கண்ணாடி முன் நின்று, "அது வேண்டும்" என்று கேட்கும்போது, "இல்லை" என்ற ஒரு சொல்லோடு கையைப் பற்றி இழுத்துச் செல்லாதீர்கள். "இதை இப்படி ஏன் வைத்தார்கள்? நீயாயின் எப்படி வைப்பாய்?" என்று கேளுங்கள். இல்லாமையை மட்டும் கண்டு வளரும் பிள்ளைக்கு மனம் சுருங்கும். ஆக்கும் வழியைக் கண்டு வளரும் பிள்ளைக்குக் கை துணியும்.

அடுத்த ஆண்டு மலரில் நம் சிறுவர் சிறுமியர் கடைவீதியில் கண்டெடுத்த கதைகளும் ஓவியங்களும் இடம்பெறுக என வேண்டி அமைகிறோம்.