எல்லார் வசனமும் எனக்குத் தெரியும்

இன்னைக்கு என் முதல் நாடகத்தைப் பத்திப் பேசப்போறேன்.

நான் ஸ்கூலுக்குப் போனதே இல்ல. வீட்லயே படிச்சு, என்ஐஓஎஸ்ல பத்தாவது எழுதினேன். 14 வயசு முடிஞ்சிருந்தா போதும், யார் வேணும்னாலும் எழுதலாம். "அப்போ ஃப்ரெண்ட்ஸ்?"னு எல்லாரும் கேட்பாங்க. ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்க. இல்லாதது காத்திருக்கிற பழக்கம்தான். அம்மா கேள்வி கேட்டா, பதில் சொல்ல நான் ஒருத்தன்தானே!

12 வயசுல ஒரு நாடகப் பட்டறையில சேர்ந்தேன். எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல ரெண்டு ஷோ. எனக்குக் காவலன் வேஷம், மொத்தமே 2 வரி. ஆனா எல்லார் வசனமும் மனப்பாடம்.

முதல் ஷோவுல ராஜாவா நடிச்ச பையன் வசனம் மறந்து நின்னான். நான் ஈட்டியோட நின்னுக்கிட்டே அவன் வசனத்தைச் சத்தமா சொல்லிட்டேன். அரங்கமே சிரிச்சுது. திரைக்குப் பின்னாடி அவன் அழுதான். சொல்லிக்கொடுத்த அக்கா கேட்டாங்க: "நீ அவனைக் காப்பாத்தினியா, இல்ல உனக்குத் தெரியும்னு காட்டினியா?"

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

மறுநாள் அதே இடத்துல மறுபடியும் நின்னுட்டான். எனக்கு வாய் துறுதுறுத்துது. அடக்கிக்கிட்டேன். மூணு நொடி கழிச்சு, காவலனாவே கேட்டேன்: "மன்னா, இந்தத் திருடனை என்ன செய்யட்டும்?" அவன் முகம் தெளிஞ்சுது. வசனம் வந்துடுச்சு. கைதட்டல் முழுக்க அவனுக்குத்தான். நடந்தது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்பவும் ஆபீஸ் மீட்டிங்ல யாராவது தடுமாறினா, அந்த மூணு நொடி ஞாபகம் வரும்.

உங்க முதல் மேடை அனுபவம் என்ன? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.